உன் சாவன்று கடலுக்குப் போன ஒரே படகு

அன்பு மச்சான் ஞானசேகருக்கு,

நீ போய்ச் சேர்ந்து இரண்டு அமாவாசை கழிந்துவிட்டது. உன் தங்கை மல்லிகா நேற்றுத்தான் குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டாள். இந்த வீட்டில் துக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நான் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். சரி, இனி உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இதை நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக நீ யாரென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். காரைக்கால் கடலோரத்தில் நம் ஊரில் பிறந்து, வலையைத் தொடாமல் தப்பித்து, டவுன் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நீ. என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். என்னை நம்பித் தங்கையைக் கொடுத்துவிட்டு, நீ மட்டும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்கள் வீட்டுப் பக்கத்து அறையிலேயே கடைசிவரை இருந்துவிட்டவன்.

ஊர் உன்னை ‘கேம் வாத்தியார்’ என்றுதான் கூப்பிட்டது. உலகத்தில் எது நடந்தாலும் அதை இரண்டு பேர் ஆடுகிற ஆட்டமாக்கி, மண்ணில் நாலு கட்டம் கிழித்து விளக்காவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. கேம் தியரி என்று அதற்குப் பேர். நான் என்ன செய்வேன் என்பது நீ என்ன செய்வாய் என்பதைப் பொறுத்தது, நீ செய்வது என்னைப் பொறுத்தது, இப்படி இரண்டு பேரும் மாறி மாறி யோசித்தால் கடைசியில் யார் எங்கே போய் நிற்பார்கள் என்கிற படிப்பு. வருஷக்கணக்காக உன்னிடம் கேட்டு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பெண் பார்க்கப் போன இடத்திலும் நீ இப்படியே யோசித்துக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பெண் வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

உன்னிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வி என்ன, கோபம்தான். ஊரில் எல்லாப் படகுக்காரனிடமும் சொன்ன ஒரு விஷயத்தை என்னிடம் மட்டும் ஏன் சொல்லாமல் போனாய்? பென்ஷன் வாங்கியதும் நானும் ஒரு ஃபைபர் படகு வாங்கினேனே, நானும் படகுக்காரன்தானே? இரு, முதலிலிருந்து வருகிறேன்.

முதலில் டவுன் சேதி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து முக்கில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அது ஓடுகிறதா, வெறும் கூடா என்று யாருக்கும் தெரியாது. ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் முக்குக்கு முன்னால் நின்று மாட்டிக்கொண்டு, முக்கைத் தாண்டியதும் கழற்றிவிடுகிறார்கள். போலீஸ் தினமும் நின்றால் ஜனம் ஒழுங்காக இருக்கும், ஜனம் ஒழுங்காக இருந்தால் போலீஸ் எதற்கு என்று எடுத்துவிடுவார்கள், எடுத்ததும் ஜனம் பழையபடி ஆகும் என்று நீ டீக்கடையில் சொல்வாயே. அந்த முக்கைக் கடக்கும்போதெல்லாம் உன் நினைப்பு வருகிறது. நானும் மாட்டிக் கழற்றுகிறவன்தான்.

இப்போது நம் ஊர் வழக்கு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், எடுத்து அடக்கம் பண்ணுகிறவரை எந்தப் படகும் தொழிலுக்குப் போகக் கூடாது. கோயில் மைக்கில் சொன்னதும் எல்லாப் படகும் கரையில் நிற்கும். மீறினால் படகைக் கட்டிப் போடுவார்கள். நீ இதைக் காட்டித்தான் எனக்குக் குற்றமும் தண்டனையும் நடத்தினாய். எல்லோரும் நிற்கிற நாளில் ஒருவன் மட்டும் போனால் அவன் மீனுக்குக் கேட்ட விலை கிடைக்கும். அதனால் எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஒருவன் போய்த் தப்பித்துவிட்டால் அடுத்த சாவுக்கு நாலு பேர் போவார்கள், அதற்கடுத்த சாவுக்குப் பாடை தூக்க ஆளிருக்காது. அப்படியிருந்தும் இத்தனை காலமாக ஒருவனும் போகவில்லையே, அது பயத்தாலா பாசத்தாலா என்று கேட்டாய். நான் பாசம் என்றேன். கேட்டால் எல்லாப் பயலும் பாசம் என்றுதான் சொல்வான், பார்த்தால்தான் தெரியும் என்றாய். அதை நீ இவ்வளவு மும்முரமாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை.

உனக்கு இதயம் மக்கர் பண்ண ஆரம்பித்து, டாக்டர் கையை விரித்து, நீ கட்டிலோடு ஆன பிறகு ஊரே உன்னைப் பார்க்க வந்தது. ஒவ்வொரு படகுக்காரனும் வந்து உட்கார்ந்ததும், “மாப்ள, ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வா” என்று என்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுவாய். மல்லிகா இருக்கும்போது என்னை ஏன் அனுப்புகிறான் என்று யோசிக்கவில்லை. சாகக் கிடக்கிறவன் என் கையால் டீ கேட்கிறான் என்று உருகி, இஞ்சியெல்லாம் தட்டிப் போட்டேன்.

மாசியில் ஒரு விடியற்காலையில் நீ போய்விட்டாய். மைக்கில் சொன்னார்கள். ஊரே நம் வாசலில் கூடியது. மல்லிகா உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். பக்கத்து ஊர் கிளிஞ்சல்மேட்டுச் சனமெல்லாம் வந்து மாலை போட்டது. உன் மாணவர்கள் சிலர் வந்து ஓரமாக நின்று அழுதார்கள். பரீட்சையில் நீ போட்ட மார்க்குக்கு அவர்கள் அழுதது பெரிய விஷயம்.

அடக்கம் முடிந்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட ஈரம் காயவில்லை, மல்லிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அழப்போகிறாள் என்று போனேன்.

“அஞ்சப்பனும் அவன் மச்சினனும் கையச் சொறிஞ்சிக்கிட்டே நின்னானுவ, பாத்தீங்களா? முழங்கை வரைக்கும் தடிச்சிருக்கு. கடலுக்குப் போயிட்டு வந்திருக்கானுவ.”

அந்த வாரம் கடலில் சொறி, டவுன்காரர்கள் சொல்கிற ஜெல்லி மீன், வந்திருந்தது மச்சான். கண்ணாடி மாதிரி மிதந்து வந்து வலையை அடைத்துக்கொள்ளுமே, பட்ட இடமெல்லாம் தடித்து அரிக்குமே, அதுதான். அண்ணன் உடம்பின் மேல் விழுந்து அழுத அழுகைக்கு நடுவில் இவள் மாலை போட வந்தவன் முழங்கையைப் பார்த்திருக்கிறாள். டவுனில் கேமரா வைத்தவர்கள் இவளை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தால் செலவு மிச்சம்.

போய்ப் பார்த்தேன். அஞ்சப்பன் படகு மற்றவற்றோடு மணலில் இல்லை. அரசலாற்று முகத்துவாரத்தில் தனியாக நங்கூரம் போட்டு நின்றது. கரையேற்ற நாலு ஆள் வேண்டும், நாலு ஆளும் உன் பாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலையெல்லாம் சொறிதான், மீன் பேருக்கு இருந்தது. மல்லிகா சொல்லிவிட்டாள். என் அண்ணன் சாவை மதிக்காமல் கடலுக்குப் போனவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தவில்லை என்றால் நீங்கள் இந்த வீட்டில் சாப்பிட வேண்டாம் என்று. பஞ்சாயத்தில் நானும் ஒரு ஆள் என்பது எனக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உன் காரியம் முடிந்ததும் கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. அஞ்சப்பன், அவன் மனைவியின் தம்பி சிவக்குமார், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது தலைவர் கலியபெருமாளுக்கு உன் கதை ஞாபகம் வந்தது. அதுதான், சேர்ந்து திருடிய இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்து, நீ அவனைக் காட்டிக்கொடுத்தால் உனக்கு விடுதலை, அவன் முந்திக்கொண்டால் உனக்குப் பெரிய தண்டனை என்று சொன்னால் இரண்டு பேருமே காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்கிற கதை. மீன் ஏலம் போடுகிற இடத்தில் நீ அதைச் சொன்னபோது ஒருவர் எழுந்து, அந்த ரெண்டு பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ன முறை என்று கேட்டார். முறையெல்லாம் இல்லை என்றாய். அப்படியானால் எதற்குச் சேர்ந்து திருடப் போனார்கள் என்றார். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தலைவர் சிரிப்பை மறந்துவிட்டு அறையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார். அஞ்சப்பனைக் கோயில் மடப்பள்ளியில் வைத்தோம். சிவக்குமாரை வலை போட்டு வைக்கிற கொட்டகையில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் நடந்து பேரம் பேசுகிற வேலை எனக்கு. சிவக்குமார் தான் மட்டும்தான் தனியாகப் போனதாகவும், அக்கா புருஷன் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். அஞ்சப்பன் தான் மட்டும்தான் தனியாகப் போனதாகவும், சிவக்குமாருக்கு அந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே தெரியாது என்றும் சத்தியம் பண்ணினான். ஆகவே ஒரே படகில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் தனித்தனியாகத் தனியே போயிருக்கிறார்கள் என்று தலைவர் சபையில் அறிவித்தார்.

உன் கட்டத்தில் அஞ்சப்பன் பெண்டாட்டி இல்லை மச்சான், அதுதான் கோளாறு. அவள் தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டு அஞ்சப்பன் எந்த வீட்டில் சோறு தின்பான்? அக்கா புருஷனை மாட்டிவிட்டு சிவக்குமார் எந்த வாசலில் ஏறுவான்? நாங்கள் கொடுக்கிற தண்டனை ஒரு வாரத்தில் முடியும், அந்த அம்மா கொடுப்பது ஆயுசுக்கும் ஓடும். ஆட்டம் ஒரு தடவையில் முடிந்தால்தான் காட்டிக்கொடுப்பான், நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டுமென்றால் மாட்டான் என்று அந்தக் கதையின் கடைசியில் நீயே சொன்னாய். தலைவர் அதற்குள் டீ குடிக்கப் போயிருப்பார்.

கடைசியில் இருவரையும் ஒன்றாக நிறுத்தி, ஏன் போனாய் என்று மட்டும் கேட்டோம். அஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

“வாத்தியார்தான் போகச் சொன்னாரு. நான் செத்தன்னைக்கு எல்லாப் படகும் நிக்கும், நீ மட்டும் போயிட்டு வா, யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. சாகக் கெடக்குறவரு கேட்டா எப்படிண்ணே முடியாதுங்குறது?”

பெண்கள் பக்கத்திலிருந்து மல்லிகா, பொய் என்று கத்தினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். செத்தவனை சாட்சிக்கு இழுக்கிறானே என்று கை ஓங்கப் போனேன். அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, என்னிடமும் சொன்னார் என்றார். அவர் உட்காரும் முன் இன்னொருவர், “எங்கிட்டயுந்தான்” என்றார். பிறகு ஆளாளுக்கு எழ ஆரம்பித்தார்கள். தனக்கு மட்டும் கொடுத்த ரகசியம் என்று ஒவ்வொருவனும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஊருக்கே கொடுத்திருக்கிறாய். தலைவர் மட்டும் எழவில்லை. உங்களிடமும் சொன்னாரா என்று அவரைக் கேட்டால், நான் தலைவன் என்பதால் யோசிக்கத்தான் சொன்னார் என்கிறார்.

எனக்கு டீயும் இஞ்சியும் அப்போதுதான் புரிந்தது.

சபையில் குழப்பம். வாத்தியாரே சொல்லியிருக்கிறார், அஞ்சப்பனை விட்டுவிடலாம் என்றது ஒரு பக்கம். அவன் மீனை விற்கிற பெண்களில் தலைவரின் சொந்தத் தங்கையும் ஒருத்தி, அதனால் தலைவரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். நான் எழுந்தேன். இன்றைக்கு இவனை விட்டால் அடுத்த சாவுக்கு எல்லோருமே செத்தவர் சொன்னார் என்பார்கள், செத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்றேன். கட்டிப் போடுவோம் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் விடுகிற ஊரை எவன் மதிப்பான் என்றும் கேட்டேன். உன் வாயில் வந்த வசனங்கள்தான், ஆனால் நீ சொல்லும்போது இத்தனை பேர் கேட்டதில்லை. கேட்டார்களே தவிர, கட்டுவோம் என்று முதலில் சொல்ல ஒருவனும் தயாரில்லை. அஞ்சப்பனின் பகையை யார் தலையில் ஏற்றிக்கொள்வது?

அப்போது மல்லிகா எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

“அப்ப தூண்டிவுட்டது எங்கண்ணன். தூண்டிவுட்டவனுக்கும் தண்டனை உண்டுல்ல?”

செத்தவருக்கு எப்படியம்மா தண்டனை கொடுப்பது என்றார் தலைவர்.

“அந்த வீட்டு ஆம்பளைதான் ஒங்க பக்கத்துலயே உக்காந்திருக்காரே.”

சபை மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் மட்டும் எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

தீர்ப்பு ஆயிற்று. அஞ்சப்பன் படகை ஒரு வாரம் கட்டிப் போடுவது. பக்கத்திலேயே, அதே ஒரு வாரம், என் படகையும். யாருக்கும் வருத்தமில்லை என்பதுதான் ஆச்சரியம். பிராது கொடுத்த வீடே தண்டனையில் பாதியை ஏற்றுக்கொண்ட பிறகு அஞ்சப்பனால் முனகக்கூட முடியவில்லை, அவனே கயிற்றை எடுத்து வந்து என் படகின் முடிச்சையும் சேர்த்துப் போட்டான். நீ இருந்திருந்தால் மண்ணில் உட்கார்ந்து புதுக் கட்டம் கிழித்திருப்பாய். மல்லிகா எதையும் கிழிக்காமல் வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க நானும் அஞ்சப்பனும் கட்டிய படகுகளின் நிழலில் உட்கார்ந்து கிடந்தோம். கடலில் சொறி போகவில்லை. போன படகெல்லாம் வலை நிறைய அதை அள்ளிக்கொண்டு வந்தது. ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் முழங்கை வரை வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். அஞ்சப்பன் தன் ஆறிப்போன கையைத் தடவிக்கொண்டே, “அண்ணே, தண்டனை நமக்கா அவனுவளுக்கா?” என்றான். உன் சாவுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் கண்ணீர் வந்துவிட்டது, அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சும்மா இருந்த நேரத்தில் உன் வேலையை நான் முடித்தேன். கடந்து போகிறவர்களை நிறுத்தி, வாத்தியார் சொல்லியும் ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஒருவர் பஞ்சாயத்துக்குப் பயந்து போகவில்லை. இன்னொருவர், உன் கட்டத்துக்குள் காலை வைத்தால் வில்லங்கம் என்று தெரிந்து ஒதுங்கியிருக்கிறார். ஒருவர் பாசத்தால்தான் என்று கண் கலங்கினார், ஆனால் அவர் எஞ்சின் அன்றைக்கு மெக்கானிக்கிடம் இருந்ததை நான் அறிவேன். செல்வமணி மட்டும் தோளில் இருந்த வலையை மணலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

“போலாம்னுதாண்ணே கெளம்புனேன். படகுகிட்ட வரைக்கும் போயிட்டேன். கால் எழும்பல. திரும்பி ஒங்க வீட்டுக்கு வந்துட்டேன்.”

உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்தவன் அவன்தான் மச்சான். ஒரே ஊரில் பயமும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது, ரிப்பேரான எஞ்சினும் இருக்கிறது. போகாதவர்களில் பாதிப் பேர் பயந்தவர்கள், போன ஒருவன் உன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டவன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்? உனக்கு விடை கிடைத்ததா, இல்லையா?

எனக்குக் கிடைக்கவில்லை. எல்லோரிடமும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சில் ஒன்று உறுத்தியது. ஒரே பெஞ்சு, ஒரே வீடு, கடைசி மாசத்தில் உன்னைத் தூக்கி உட்காரவைத்ததும் நான்தான். அஞ்சப்பனை நம்பிச் சொன்னாய். முகம் கொடுத்துப் பேசாதவனிடமெல்லாம் சொன்னாய். என்னை மட்டும் டீ போட அனுப்பினாய். நான் ஓட்டைவாய், ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா? இல்லை, என்னை ஒரு படகுக்காரனாகவே நீ எடுத்துக்கொள்ளவில்லையா? ஒரு வாரமும் இதையே மென்றுகொண்டிருந்தேன்.

நேற்று, குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்றேனே, அந்தச் சாப்பாட்டின்போது மல்லிகாவிடம் கேட்டே விட்டேன். உங்கண்ணன் எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று. அவள் கரண்டியை வைக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“நீங்க போக மாட்டீங்கன்னு அண்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சத யாராச்சும் சோதிச்சுப் பாப்பாங்களா?” என்றாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்றாள்.

போடு என்றேன். காரம் அதிகம் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தட்டில் அப்போது இருந்தது வெறும் மோர்ச்சோறு.

படகுகளை அவிழ்த்துவிட்டார்கள் மச்சான். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஊரில் இனி யார் வீட்டில் சாவு விழுந்தாலும், மைக் முழங்கும் முன்பே என் படகு மணலில் ஏறியிருக்கும். நான் சாகும்போது எவன் காதிலும் எதையும் ஓத மாட்டேன். வந்தவனுக்கெல்லாம் டீ மட்டும் கொடுக்கச் சொல்வேன், இஞ்சி தட்டி.

இப்படிக்கு,
நீ சோதிக்காமலே விட்டுவிட்ட
உன் தங்கை புருஷன்,
தங்கசாமி